கேலரியில் எழுந்து நிற்காதவர்

வார்னர் க்ரீக், நெப்ராஸ்கா
16 பிப்ரவரி 1964

அன்புள்ள அண்ணா,

உன் முட்டி எப்படி இருக்கிறது? நீயாக எழுதமாட்டாய், நான்தான் கேட்க வேண்டும். இங்கே பனி ஜன்னல்வரை ஏறிவிட்டது. உன் மைத்துனர் ஆர்வில் இடுப்பைப் பிடித்துக்கொண்டே கன்றுகளைப் பார்த்துவிட்டு வருகிறார். மற்றபடி சௌக்கியம்.

ஒரு பெரிய செய்தி. உட்கார்ந்துகொண்டு படி. குடியரசுக் கட்சியின் தேசிய மாநாட்டுக்கு எங்கள் பகுதியின் பிரதிநிதியாக நான் தேர்தலில் நிற்கிறேன்! மே மாதம் வாக்கெடுப்பு. ஜனாதிபதி வேட்பாளர் போட்டியில் நான் நியூயார்க் கவர்னருக்கு எதிராக, அரிசோனா செனட்டரின் பக்கம். ஜெயித்தால் ஜூலையில் உன் ஊருக்கு வருகிறேன். மாநாடு சான் பிரான்சிஸ்கோவில், அதுவும் மாட்டு அரண்மனை என்று நீங்கள் பெயர் வைத்திருக்கும் கண்காட்சிக் கூடத்தில். ஆர்வில் சொல்கிறார், “மாடு வளக்குறவங்கள மாட்டுக் கொட்டகையிலதான் உக்கார வெப்பாங்க. உங்கண்ணன் ஊர்க்காரங்க கெட்டிக்காரங்கதான்.”

அந்த ஊரில் எங்கள் கட்சியைக் கண்டாலே ஆகாதாமே? தாடிக்காரர்களும் தொழிற்சங்கக்காரர்களும் நிறைந்த ஊரில் நாற்பது வருடமாக நீ ஒருவன் எப்படித்தான் குப்பை கொட்டுகிறாயோ.

கேலரியில் உனக்கு ஒரு சீட்டு வாங்கிவிடுவேன். ஆனால் கட்சிக்காரர்களுக்குத்தான் சீட்டு என்று எங்கள் தலைவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உங்கள் ஊரில் எங்கள் மகளிர் மன்றத்துக்கு எழுதிக் கேட்டேன். கட்சிப் பட்டியலில் எமரி வோண்ட்ரா என்று யாருமே இல்லையாம்! நீ வீடு மாறியபோது எந்தக் குமாஸ்தாவோ உன் பெயரை விட்டுவிட்டான். அப்பா இருந்திருந்தால் ரயிலேறி வந்து அவன் சட்டையைப் பிடித்திருப்பார். முப்பது வருடம் கட்சிச் செயலாளராக இருந்தவரின் மூத்த மகன் பட்டியலில் இல்லையா? கவலைப்படாதே. மிஸஸ் ஹால்வர்சன் என்று ஒருவர் பதிவுப் புத்தகத்தோடு உன் வீட்டுக்கே வருவார்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் தங்கை
லியோட்டா


சான் பிரான்சிஸ்கோ
1 மார்ச் 1964
(வரைவு. அனுப்பவில்லை.)

அன்புள்ள லியோட்டா,

குமாஸ்தாவின் மேல் தவறில்லை. அவர் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார். என் பெயர் பட்டியலில் இருக்கிறது. வேறு பட்டியலில்.

1932 அக்டோபரில் நான் ஜனநாயகக் கட்சிக்கு மாறினேன். என் பள்ளியில் பதினோரு பிள்ளைகள் காலையில் சாப்பிடாமல் வந்துகொண்டிருந்த வருடம் அது. உனக்குச் சொல்ல நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா இருந்தவரை முடியவில்லை. அப்பா இறந்த வருடம் சொல்லக்கூடாது என்று நினைத்தேன். அதற்கு அடுத்த வருடம் யுத்தம். முப்பத்திரண்டு வருடம் ஆகிவிட்டது. இப்போது நீ பிரதிநிதியாக நிற்கும்போது சொன்னால், வேண்டுமென்றே இந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன் என்று தோன்றும். சொல்லாவிட்டால்

(இதற்கு மேல் எழுத வரவில்லை. இன்னொரு நாள் பார்க்கலாம்.)


சான் பிரான்சிஸ்கோ
1 மார்ச் 1964

அன்புள்ள லியோட்டா,

உன் கடிதம் சேர்ந்தது. மகிழ்ச்சி. முட்டி மழை நாட்களில் மட்டும் தொந்தரவு செய்கிறது. ஆர்விலின் இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவும்.

நீ ஜெயிப்பாய். உன்னோடு எதிர்த்துப் பேசி யாரும் கரை சேர்ந்ததில்லை.

ஜூலைக்கான குறிப்புகள் சில. கம்பளிக் கோட்டு கொண்டு வா. ஜூலை என்பதால் இங்கே வெயில் இருக்கும் என்று நம்பாதே, பகல் பன்னிரண்டுக்கும் பனிமூட்டம் இருக்கும். தட்டையான செருப்பு இரண்டு ஜோடி. மாநாட்டுக் கூடம் என் வீட்டிலிருந்து பேருந்தில் ஐம்பது நிமிடம். நானே இரண்டு முறை போய்ப் பார்த்து நேரம் குறித்தேன்.

பதிவு விஷயமாக நீ அலைய வேண்டாம் என்பது என் தாழ்மையான எண்ணம்.

அன்புடன்
எமரி


சான் பிரான்சிஸ்கோ
29 மார்ச் 1964, ஈஸ்டர்

அன்புள்ள லியோட்டா,

பண்டிகை வாழ்த்துகள். உன் கன்றுகள் பிழைத்துக்கொண்டன என்று எழுதியிருந்தாய், நிம்மதி.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு மிஸஸ் ஹால்வர்சன் வந்தார். பெரிய பதிவுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்திருந்தார். மூச்சு வாங்கியது. நாற்காலி கொடுத்தேன், தண்ணீர் கொடுத்தேன்.

“உங்க தங்கச்சி எழுதின கடுதாசியப் படிச்சு எங்க மன்றமே கண்ணத் தொடச்சுக்கிச்சு சார்! இந்த ஊர்ல நம்ம ஆளுங்களே விரல் விட்டு எண்ணுற அளவுதான். அதுலயும் ஒருத்தர ஒரு குமாஸ்தா தொலைச்சுட்டானே!”

“தொலைக்கலை மேடம். அதாவது...”

“எவ்வளவு நல்ல மனசு உங்களுக்கு! அவனக் காட்டிக்குடுக்கக்கூட மாட்டேங்கறீங்க. இந்த வீட்டுக்கு வந்து எத்தன வருஷமாச்சு?”

“ஒன்றரை.”

“அதான் விஷயம்! கைய உசத்துங்க.”

கையை உயர்த்தினேன். உறுதிமொழியை அவர் சொல்லச் சொல்ல நானும் சொன்னேன். பேனாவை நீட்டினார். அந்த அம்மாள் மறுபடி மூன்று மாடி இறங்க வேண்டுமே என்ற நினைப்பும் எனக்கு இருந்தது. கையெழுத்துப் போட்டேன். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “இனி நீங்க தனி ஆள் இல்ல” என்றார்.

ஆக, நீ விரும்பியபடி முடிந்துவிட்டது.

எமரி


வார்னர் க்ரீக்
6 ஜூன் 1964

அன்புள்ள அண்ணா,

உடம்பு எப்படி? எனக்கு நான்கு நாட்களாகத் தூக்கமே இல்லை, சந்தோஷத்தில். மே மாதம் நான் ஜெயித்தேன். இப்போது உங்கள் மாநிலத்தின் உட்கட்சித் தேர்தலிலும் நாங்கள் ஜெயித்துவிட்டோம்! செவ்வாய்க்கிழமை வானொலியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நியூயார்க் கவர்னருக்கும் எங்கள் செனட்டருக்கும் மயிரிழைதான் வித்தியாசம். ஒவ்வொரு ஓட்டும் கணக்கு, அண்ணா. அதில் ஒன்று உன்னுடையது. கட்சியில் பதிந்தவர்களுக்குத்தான் இதில் ஓட்டு, நாம் மறுபடி பதிவு செய்யாவிட்டால் உனக்கு அந்த ஓட்டே இருந்திருக்காது. “எங்கண்ணன் கலிபோர்னியாவுல எங்களுக்கு ஓட்டுப் போட்டாரு”ன்னு தேவாலயத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். போதகர்கூடக் கையைக் குலுக்கினார்.

உனக்கு என் நன்றி. முத்தங்கள். கேலரிச் சீட்டு உறுதி. ஜூலை பதினொன்று, சனிக்கிழமை வருகிறேன்.

லியோட்டா


சான் பிரான்சிஸ்கோ
14 ஜூன் 1964

அன்புள்ள லியோட்டா,

நான் நலம். நீ நன்றாகத் தூங்க வேண்டும்.

வாக்குச்சாவடியில் வரிசை சிறியது. ஆறு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன்.

ஊர் உங்களுக்காகத் தயாராகிறது. கீழே மளிகைக் கடை வைத்திருக்கும் சால் ஒரு பெரிய அட்டை யானையை, உங்கள் கட்சி யானையை, வாங்கி வந்திருக்கிறான்.

“வாத்தியாரே, இத எங்க மாட்டுறது? சீஸ் பக்கத்துலயா, ரொட்டி பக்கத்துலயா?”

“சால், நீ அந்தக் கட்சி இல்லையே.”

“எங்கப்பா துறைமுகத்துல சங்கம் கட்டுனவரு. எனக்கு எப்படி அந்தக் கட்சி ஒட்டும்? ஆனா ஒரு வாரம் அவங்க நம்ம விருந்தாளி. எட்டு வருஷம் முன்னாடியும் இதே ஊருக்குத்தான் வந்தாங்க. நல்லாச் சாப்பிட்டாங்க, நல்லாப் பாடுனாங்க, போயிட்டாங்க. நாம மாறுனமா? அவங்க மாறுனாங்களா? ரொட்டி மட்டும் வித்துச்சு.”

ஓட்டல் வாசல்களில் வரிசையாக உங்கள் கட்சிக் கொடிகள் நட்டிருக்கிறார்கள். அதைத் தாண்டிப் போகிறவர்கள் முணுமுணுத்துக்கொண்டே போகிறார்கள். கோட்டை மறக்காதே.

எமரி


வார்னர் க்ரீக்
26 ஜூலை 1964

அன்புள்ள அண்ணா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். ஜலதோஷமும் என்னோடு வந்தது. ஆமாம், கோட்டு கொண்டுவரவில்லை. சிரிக்காதே.

உன் ஊரை வெறுக்கத்தான் வந்தேன். என்ன செய்வது, முடியவில்லை. டாக்சிக்காரன் ஓட்டல்வரை என்னோடு சண்டை போட்டுவிட்டு, பெட்டியை அறைவரை தூக்கிவந்தான். “நீங்க சொல்றது அத்தனையும் தப்பு, அம்மா. பாத்து, படி வழுக்கும்.” சால் என்னைக் கண்டதும் கையிலே ஒரு ரொட்டியைத் திணித்தான். ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட் வீதியில் நாம் நின்றபோது அந்தச் சமஉரிமை ஊர்வலம் போனதே, எத்தனை ஆயிரம் பேர்! கறுப்பு அம்மாள் ஒருத்தி, தேவாலயத் தொப்பி வைத்தவள், என் பிரதிநிதி பேட்ஜைப் படித்துவிட்டு வரிசையிலிருந்து விலகி வந்தாள். எனக்குத் திக்கென்றது. “எங்க ஊருக்கு வாங்கம்மா. உங்க ஆளு ஜெயிக்கக்கூடாதுன்னுதான் நடக்குறேன். ஆனா இந்தக் குளிர்ல இந்தச் சட்டையோடவா நிப்பீங்க?” என்றாள். நீயோ என் கைப்பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மரம்போல நின்றாய். திருடர் பயமா?

இன்னொன்று கேட்கணும். செவ்வாய்க்கிழமை மாலை, நியூயார்க் கவர்னர் மேடையில் பேச வந்தபோது எழுந்த கூச்சல் உனக்கு நினைவிருக்கும். அவரைப் பேசவே விடவில்லை. அப்போது கேலரியில் நீ எந்தப் பக்கம் இருந்தாய்? அங்கேயிருந்து கீழே எங்கள் ஆட்கள் தெரிந்தார்களா?

ஆர்வில் உன்னை விசாரித்தார்.

லியோட்டா


சான் பிரான்சிஸ்கோ
9 ஆகஸ்ட் 1964

அன்புள்ள லியோட்டா,

ஜலதோஷத்துக்குச் சூடான எலுமிச்சை நீர் நல்லது.

நீ போன பிறகு ஓட்டல்காரர்கள் கொடிகளை அவிழ்த்துவிட்டார்கள். சால் யானையை மடித்துக் கிடங்கில் வைத்திருக்கிறான். “அடுத்த தடவைக்கு ஆகும்” என்றான்.

என் இருக்கை மேற்குப் பக்கம், பதினான்காவது வரிசை. ஒலிபெருக்கி தெளிவாக இருந்தது. காற்றோட்டம் போதவில்லை. கூடத்துக்கு வெளியே பேருந்து நிற்குமிடத்தில் நாற்பது நிமிடம் காத்திருந்தேன். வழியில் தடுப்புகளுக்கு அப்பால் நின்ற இளைஞர்கள் என்னையும் பார்த்துக் கத்தினார்கள். அது இயல்புதானே, என் சட்டையிலும் உங்கள் பேட்ஜ் இருந்தது.

கன்றுகள் விலை போயினவா?

எமரி


வார்னர் க்ரீக்
6 செப்டம்பர் 1964

அண்ணா,

இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகம் என்று நம்புகிறேன்.

காற்றோட்டத்தைப் பற்றி யார் கேட்டது? நான் கேட்டதற்கு நீ பதில் சொல்லவில்லை. எத்தனை தடவை படித்தாலும் அந்தக் கடிதத்தில் பதில் இல்லை. அதனால் நானே சொல்கிறேன்.

நெப்ராஸ்கா என்று பெயர் எழுதிய கம்பத்துக்குப் பக்கத்தில், சிவப்புத் தொப்பி போட்டு, நாற்காலியின் மேல் ஏறி நின்றவள் நான். முதலில் கேலரியில்தான் கூச்சல் கிளம்பியது. பிறகு என் தொண்டையிலிருந்தும் வந்தது. என்ன கத்தினேன் என்று எனக்கே நினைவில்லை. அந்தக் கவர்னர் சொன்னதில் ஒரு வரிகூட எனக்கு உடன்பாடில்லை, இன்றைக்கும் இல்லை. ஆனால் அறுபத்துமூன்று வயதில் நான் ஒரு மனிதனை வாயைத் திறக்க விடாமல் கத்தினேன். நம் வீட்டில் அப்பா எதிர்க்கட்சிக்காரனுக்கு நாற்காலி போட்டுவிட்டுத்தான் திட்டுவார்.

கத்திக்கொண்டே மேலே பார்த்தேன். மேற்குக் கேலரி முழுவதும் எழுந்து நின்று ஆடியது. நடுவில் ஒரே ஓர் இடம் மட்டும் பள்ளமாக இருந்தது. ஒருவர் மடியில் தொப்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூட்டம் எழுந்தால் எழுவதும், உட்கார்ந்தால் உட்காருவதும்தான் உன் பழக்கம். உன் முட்டி வலித்ததா, அண்ணா? முட்டி என்று எழுது, நம்பிவிடுகிறேன்.

லியோட்டா


சான் பிரான்சிஸ்கோ
11 அக்டோபர் 1964

அன்புள்ள லியோட்டா,

ஐந்து வாரம் தாமதித்ததற்கு மன்னிப்பாய். ஏழு வரைவுகள் எழுதினேன். உடல்நலத்துக்குக் குறைவில்லை.

முட்டி வலி இல்லை.

நான் உன் கட்சிக்காரன் இல்லை. 1932 முதல் ஜனநாயகக் கட்சியில் இருக்கிறேன். குமாஸ்தா யாரும் என்னைத் தொலைக்கவில்லை. மிஸஸ் ஹால்வர்சனிடம் சொல்ல வாயெடுத்தேன், அவருக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. உனக்கு எழுதக் காகிதம் எடுத்தேன், கோட்டைப் பற்றி எழுதினேன்.

ஜூன் மாதம் நீ வாங்கிக்கொடுத்த ஓட்டை அந்த நியூயார்க் கவர்னருக்குத்தான் போட்டேன். நீ நன்றி சொல்லி எழுதியதை எடுத்துப் படிக்கும்போதெல்லாம் முகம் சுடுகிறது. நவம்பரிலும் உன் செனட்டருக்குப் போடமாட்டேன். கறுப்பின மக்களுக்கான அந்தச் சமஉரிமைச் சட்டத்துக்கு எதிராகச் செனட்டில் கை தூக்கியவர் அவர். அதை என்னால் விழுங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊர்வலத்தில் நான் வேலை பார்த்த பள்ளியின் ஆசிரியர்கள் நடந்தார்கள். வருகிறேன் என்று அவர்களிடம் சொல்லியிருந்தேன். உன் கைப்பையை அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தது திருடர் பயத்தால் அல்ல. அதை உன் கையில் கொடுத்தால் வீதியில் இறங்கிவிடுவேனோ என்ற பயத்தால். இறங்கவில்லை. நீ ஒருமுறை கத்தியதற்காக வருந்துகிறாய். நான் முப்பத்திரண்டு வருடம் கத்தாமல் இருந்ததற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

உன்னைப் பார்த்தேன். சிவப்புத் தொப்பி நன்றாகவே தெரிந்தது. நீ கத்துவதும் தெரிந்தது. பார்க்கவில்லை என்று காட்டிக்கொண்டால் உனக்கு நல்லது என்று நினைத்தேன். எனக்கும் வசதியாக இருந்தது.

இதை மறுபடி படிக்கப் போவதில்லை. படித்தால் எட்டாவது வரைவாகிவிடும். நாளைக் காலை தபால்காரர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். இனி நீ எழுதாவிட்டாலும் நியாயம்தான்.

உன் அண்ணன்
எமரி


வார்னர் க்ரீக்
8 நவம்பர் 1964

அண்ணா,

உயிரோடு இருக்கிறேன். தேர்தல் முடியும்வரை உனக்கு எழுதக்கூடாது என்று இருந்தேன். முடிந்துவிட்டது. எங்களை மண்ணைக் கவ்வ வைத்துவிட்டீர்கள். உன் வீதியில் அன்றைக்குப் பாட்டும் கூத்துமாக இருந்திருக்கும்.

முப்பத்திரண்டு வருடம்! எனக்கு எதிராக ஓட்டுப் போட்டாய், நான் முத்தம் அனுப்பினேன்! போதகர் என் கையைக் குலுக்கினார்! இப்போது அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்? கடிதத்தை ஆர்விலிடம் தூக்கி எறிந்தேன். படித்துவிட்டு மனுஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். “உங்கண்ணனா? காப்பி வேணுமான்னு கேட்டா ரெண்டு நாள் யோசிக்கிற மனுஷனாச்சே! ஓட்டுப் பெட்டிக்கிட்ட போயி இந்த வேல பண்ணியிருக்காரா? அவரக் கூப்புடு, நான் கை குடுக்கணும்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓட்டு போகட்டும். சாப்பாட்டு மேசையிலும் கடிதத்திலும் இத்தனை வருடம் நான் பேசினேன், நீ தலையாட்டினாய். நான் பேசியது யாரோடு? சுவரோடா? என்னோடு சண்டை போட லாயக்கில்லை என்று நினைத்தாயா? அதுதான் தொண்டையில் நிற்கிறது.

உன் ஊரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குக் கொடி கட்டி வரவேற்றது எல்லாம் ஓட்டல் வாடகைக்காக. எங்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தீர்கள். நாங்கள் உள்ளே ஒரு மனிதனை நோக்கிக் கத்தினோம், நீங்கள் வெளியே எங்களை நோக்கிக் கத்தினீர்கள். இரண்டும் ஒன்றுதான். எங்களை ஒரு வாரம் சகித்துக்கொண்டதற்கு நாங்கள் காலமெல்லாம் நன்றி சொல்லவேண்டுமா?

நன்றித் திருநாளுக்கு இங்கே வா. மேசையில் ஒன்பது பேர், எல்லோரும் எங்கள் கட்சி, எல்லோரும் புண்பட்டிருக்கிறார்கள். உன்னைப் பற்றி முன்கூட்டியே யாரிடமும் சொல்லமாட்டேன். உனக்காகப் பேசவும் மாட்டேன். வாயைத் திறந்து நீயே சொல். முடியாதென்றால் வராதே. வான்கோழியை உனக்குப் பார்சல் அனுப்புகிறேன்.

லியோட்டா


சான் பிரான்சிஸ்கோ
14 நவம்பர் 1964

அன்புள்ள லியோட்டா,

ஆர்விலுக்கும் உனக்கும் என் அன்பு. திங்கட்கிழமை இருபத்துமூன்றாம் தேதி ரயிலேறுகிறேன். புதன் காலை லிங்கன் நிலையத்தில் இறங்குவேன். சீட்டு வாங்கிவிட்டேன்.

நீ சண்டைக்கு லாயக்கில்லாதவள் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. தோற்றுவிடுவேன் என்று நினைத்தேன். தோற்ற பிறகு நீ கடிதம் எழுதமாட்டாய் என்றும் நினைத்தேன். எனக்கென்று கடிதம் எழுத வேறு யாரும் இல்லை.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். ஓட்டல் வாடகையைப் பற்றி நீ சொன்னது சரி. முதுகுக்குப் பின்னால் சிரித்ததும் உண்மை, நானும் சிரித்தேன், அதற்கு வருந்துகிறேன். மற்றதெல்லாம் தவறு, லியோட்டா.

உள்ளே கத்தியதும் வெளியே கத்தியதும் ஒன்று அல்ல. வெளியே நின்றவர்கள் கத்தியதால் உங்களில் ஒருவர் பேச்சும் நிற்கவில்லை. நீங்கள் தீர்மானம் போட்டீர்கள், வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தீர்கள். உள்ளே கத்தியவர்களோ, பேச உரிமை பெற்று மேடையேறிய ஒருவரைப் பேச விடவில்லை. அவர் உங்கள் கட்சிக்காரர் வேறு. இதை நீ யோசிக்காமல் எழுதியிருக்கிறாய்.

அடுத்தது, சகித்துக்கொண்டோம் என்கிறாய். நீங்கள் வந்த வாரத்தில் இந்த ஊர் ஒரு நாளும் தூங்கவில்லை. சலூனிலும் பேருந்திலும் எல்லோரும் உங்களைப் பற்றியே பேசினார்கள், வாதாடினார்கள். சகித்துக்கொள்கிறவர்கள் அவ்வளவு பேசமாட்டார்கள். சகித்துக்கொள்வது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தலையை மட்டும் ஆட்டுவார்கள்.

நன்றி சொல்ல வேண்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். திரும்ப வந்து இன்னொரு தடவை சண்டை போட்டால் போதும்.

உன் பழைய கடிதங்களில் இன்னும் நான்கு இடங்கள் பிழையானவை. வரி வாரியாகக் குறித்து வைத்திருக்கிறேன். சமஉரிமைச் சட்டத்தைப் பற்றியது அதில் பெரியது, அதற்கு அரை மணி நேரமாவது ஆகும். அவற்றை இங்கே எழுதப் போவதில்லை. வியாழக்கிழமை மேசையில், ஒன்பது பேர் முன்னால், எழுந்து நின்று சொல்கிறேன். குரல் நடுங்கினால் பொறுத்துக்கொள். ஆனால் நடுவில் குறுக்கிடாதே.

உன் அண்ணன்
எமரி